பன்னிரண்டு குப்பிகள்

பிப்ரவரி 9

இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து உப்பளத்துப் பெண்களை ஏமாற்றுகின்றன. அவர்களுடைய மூத்திரம் வேண்டும். அதைப் பெய்வதற்கு நான்கு ஓலைத்தட்டி வைத்துத் தர முடியாது.

இன்று தில்லைநாயகம் சாரிடம் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் சொன்னேன். அவர்தான் எங்கள் திட்டத்தின் இந்தியத் தலைவர். திட்டத்தின் பெயர் நீளம். சுருக்கமாகச் சொன்னால், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீரகம் கெடுகிறதா என்று பார்ப்பது. நார்வே பாதி, இந்தியா பாதி. பரிசோதனை இயந்திரமும், அவர்களுடைய ஆட்களும், விமானச் செலவும் நார்வேயின் பங்கு. குளிர்பதனப் பெட்டி, ரசாயனம், என்னைப்போல ஒரு கூலிக்காரன், அப்புறம் உடம்பு கெடப்போகிற பெண்கள், இது நம் பங்கு. ஒப்பந்தத்தில் கடைசி விஷயத்தை இப்படி எழுதவில்லை. 'களம்' என்று எழுதியிருக்கிறார்கள்.

வேலை தொடங்கி நான்கு மணி நேரம் கழித்து, வெயிலில் நிற்கும்போதே மாதிரி எடுக்க வேண்டும் என்பது விதி. மூன்று அளங்களில் இரண்டில் முதலாளியின் அலுவலகமும் கழிப்பறையும் பக்கத்திலேயே இருக்கின்றன. மூன்றாவது, கடலோரத்தில் இருக்கும் பெரிய அளம். அங்கே பாத்தி, வரப்பு, உப்புக் குவியல், ஒரு மோட்டார் ரூம், அவ்வளவுதான். மோட்டார் ரூம் வாசலில் எந்நேரமும் ஆம்பளைகள் உட்கார்ந்து பீடி குடிப்பார்கள்.

"கட்டுமானச் செலவுன்னு பட்ஜெட்ல ஒரு தலைப்பே கிடையாது, இசக்கி. நீ தட்டி வச்சாலும் அது கட்டுமானம்தான். ஆடிட்ல நிக்காது" என்றார் சார்.

நார்வே பணத்தில் செய்யலாமே என்றேன். இந்திய மண்ணில் அவர்கள் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதாம். அது நம் பங்காம். நம் பங்கில் அது கிடையாதாம். பெண் உதவியாளர் ஒருவரையாவது எடுக்கலாமா என்று கேட்டேன். அந்த இடமும் இல்லை. விருந்தோம்பல் என்று ஒரு தலைப்பு மட்டும் இருக்கிறது போல. காப்பியோடு ஒரு தட்டில் முந்திரிப்பருப்பு வந்தது. கோபத்தில் தின்றுவிட்டேன்.

பிப்ரவரி 11

கடலோர அளத்தில் மாதிரி எடுத்தோம். எடுத்தோம் என்பது பெரிய வார்த்தை. குப்பிகளைக் கொடுத்துவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றேன். வேறென்ன செய்ய முடியும்?

இந்த அளத்தில் ஒரு செட்டாக வேலை பார்க்கும் பெண்கள் பன்னிரண்டு பேர். பக்கத்து ஊர்களிலிருந்து விடியுமுன் லோடு ஆட்டோவில் வந்து இறங்குகிறார்கள். ஜெபக்கனி அக்கா மட்டும் அளத்திலேயே இருக்கிறாள். அவள் புருஷன் இங்கே காவல்காரர். அளத்தின் ஓரத்தில் அவர்களுக்கு ஒரு ஓலைக் குடிசை உண்டு.

செட்டுக்கு வாய் முத்துப்பேச்சி அக்கா. குப்பியைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏ தம்பி, இத வாங்கிட்டுப் போகத்தான் ஒங்கம்மா ஒன்ன எம்மெஸ்ஸி படிக்க வச்சாளா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கங்காணி தவசி சிரிக்கவில்லை. ஆளுக்கு ஐந்து நிமிஷத்துக்குமேல் பாத்தியை விட்டுப் போகக் கூடாது என்று சொன்னார். மோட்டார் ரூமுக்குப் பின்னால் போங்கள் என்று கை காட்டினார். நானும் அதையே சொன்னேன். வேறு இடம் இல்லை.

மத்தியானத்துக்குள் முத்துப்பேச்சி அக்கா உப்புக் கூடையில் குப்பிகளை அடுக்கி, மேலே துண்டைப் போட்டு மூடி எடுத்து வந்தாள். பன்னிரண்டும் நிறைந்திருந்தன. மற்ற இரண்டு அளங்களிலும் பாதிப் பெண்கள் வெறும் குப்பியைத் திருப்பிக் கொடுத்தார்கள். காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை, வரவில்லை என்றார்கள். இங்கே கழிப்பறையே இல்லாமல் ஒன்றுகூடக் குறையவில்லை. மனிதர்களிடம் ஒழுங்காகப் பேசினால் ஒத்துழைப்பார்கள் என்று சாரிடம் சொல்ல வேண்டும்.

ஐஸ் பெட்டியை ஜெபக்கனி அக்காவின் குடிசை நிழலில் வைத்துக் குப்பிகளைத் துடைத்து அடுக்கினேன். மூடியைச் சுற்றி எறும்பு. எங்கிருந்து இத்தனை எறும்பு வந்ததோ தெரியவில்லை. அக்கா குடத்திலிருந்து எனக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். அவள் நின்றபடியே இரண்டு செம்பு குடித்தாள்.

"இவ வீட்டுக் குடம் நெறைஞ்சு நான் பாத்ததே இல்ல" என்றாள் முத்துப்பேச்சி அக்கா. "ஜெபக்கனி இருக்கங்காட்டி நமக்கு என்ன கவல."

மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள். ஜெபக்கனி அக்கா, "போங்கட்டி" என்று வெட்கப்பட்டாள். எனக்கு விளங்கவில்லை.

ஆளுக்கொரு துண்டும் குளுக்கோஸ் பாக்கெட்டும் கொடுத்தேன். 'பங்கேற்பாளர் ஊக்கம்' என்று அதற்கு ஒரு தலைப்பு இருக்கிறது.

பிப்ரவரி 12

பெட்டி விமானம் ஏறியது. சட்டையில் உப்பு வாடை போகவில்லை. அம்மா இரண்டு முறை துவைத்துப் போட்டாள்.

மார்ச் 3

நார்வேக்காரர்கள் நான்கு பேர் வந்திருக்கிறார்கள். கடற்கரை ஹோட்டலில் இரண்டு நாள் கருத்தரங்கு. 'உலகளாவிய கூட்டாண்மை' என்று மேடையில் ஒரு துணி கட்டியிருந்தது. அந்தத் துணியில் நான்கு தட்டி கட்டியிருக்கலாம்.

மாரித் என்று ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். அவர்தான் அங்கிருந்து மாதிரிகளைப் பார்க்கிறவர். ஹோட்டல் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அளத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப்போனோம். பெண்கள் அவரை 'மாரியக்கா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். பலகையை வாங்கி உப்பை இழுத்துப் பார்த்தார். நான்கு இழுவையில் மூச்சு வாங்கியது.

பிறகு சுற்றும் முற்றும் பார்த்து என்னிடம் கேட்டார், இந்தப் பெண்கள் ஒதுங்குவதற்கு எங்கே போகிறார்கள் என்று. நான் சாரைப் பார்த்தேன். "ஏற்பாடு இருக்குன்னு சொல்லு" என்றார் சார் தமிழில்.

நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மொழிபெயர்ப்பவனுடைய வேலை அவ்வளவுதான்.

மாரித் தலையாட்டினார். அது இந்தியாவின் பங்கு, நல்லது என்றார். ஜெபக்கனி அக்கா அவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். எங்கள் ஆட்கள் பதறி பாட்டில் தண்ணீரை நீட்டினார்கள். அவர் செம்பை வாங்கி ஒரு வாய் குடித்தார். கெட்ட மனுஷி இல்லை. நல்லவர்களை அனுப்பி வேலையை முடித்துக்கொள்வதுதான் பணக்கார நாடுகளின் வழக்கம்.

மார்ச் 27

முடிவு வந்துவிட்டது.

கடலோர அளத்துப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் சிறுநீரில் புரதம் மிக அதிகம். மற்ற இரண்டு அளங்களிலும் பெரிதாக ஒன்றுமில்லை. கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை, அதனால் சிறுநீரகம் கெடுகிறது என்று நான் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது நிரூபணமாகிவிட்டது. சார் என் முதுகில் தட்டினார். நார்வேக்காரர்களின் பரிசோதனைக்கூடம் இருக்கும் பெர்கன் நகரத்தில் அதைக் கொண்டாடக் கேக் வெட்டிப் படம் அனுப்பியிருந்தார்கள். பன்னிரண்டு பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டதற்குக் கேக்.

இரண்டாம் கட்டத்துக்கு இனி தடை இல்லையாம். ஐந்து வருஷம். அதில் ஆய்வாளர் பரிமாற்றம் உண்டு. ஆறு மாதம் பெர்கனில் இருக்க வேண்டும். சார் என் பெயரைக் கொடுத்துவிட்டார். எனக்கு அந்தக் குளிர் நாட்டில் ஒரு ஆசையும் இல்லை. ஆனால் நம் தரப்பை அங்கே போய் முகத்துக்கு நேராகச் சொல்ல ஒருவன் வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். அங்கே மீன் கிடைக்குமா என்று கேட்டாள்.

மார்ச் 29

அறிக்கைக்கான அட்டவணையை நான்தான் தயாரிக்கிறேன். பெர்கனில் சராசரியை மட்டும் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொருவருடைய அளவையும் வரிசையாக எழுதும்போது ஒன்று கண்ணில் பட்டது. பன்னிரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. இருபது வயதுப் பெண்ணுக்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கும் கொஞ்சமும் வித்தியாசம் இல்லை.

இயந்திரக் கோளாறாக இருக்கலாம். அவர்களுடைய இயந்திரம், அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 2

கடலோர அளத்துக்குப் போனேன், தூக்கம் வரவில்லை என்பதற்காக இல்லை. வேறு வேலையும் இருந்தது.

முத்துப்பேச்சி அக்கா சாப்பாட்டு நேரத்தில் உப்புக் குவியல் நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குக் குப்பிகளை எப்படி நிறைத்தீர்கள் என்று கேட்டேன். முதலில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"காலையில மூணு மணிக்கு ஒரு மடக்குக் காப்பி. அதுக்குப் பெறகு பச்சத் தண்ணி பல்லுல படாது. குடிச்சா ஒதுங்கணும், ஒதுங்க எடம் எங்க இருக்கு? நீ வந்து சீசாவ நீட்டுத. எங்கெருந்து வரும், சொல்லு. இல்லன்னு சொன்னா துண்டும் குளுக்கோசும் கெடைக்காதுன்னு இந்தத் தவசி வேற சொல்லிட்டான். அந்த மோட்டார் ரூம் பின்னால போயி, அந்தப் பயலுவ முன்னால சீசாவத் தூக்கிட்டு வரவா? அதான் ஒரே ஆளு எல்லாத்துக்கும் பெஞ்சு குடுத்தா."

"யாருக்கா?"

"எவளோ ஒருத்தி. கேக்காத. அவளப் போயி நீ கள்ளின்னு எழுதிருவ. ஒங்களுக்கு வேண்டியது மூத்திரந்தான? மூத்திரம் கெடச்சுதுல்லா?"

துண்டைத் திருப்பிக் கேட்பார்களா என்று கேட்டாள். மாட்டார்கள் என்றேன்.

ஆக, பன்னிரண்டு குப்பியும் ஒரே பெண்ணுடையது. பன்னிரண்டு பேருக்கு நோய் இல்லை. ஒருத்திக்கு இருக்கிறது. அவள் யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. பெண்கள் சொல்ல மாட்டார்கள்.

யாருடைய தப்பு இது? சத்தியமாக அவர்களுடையது இல்லை. தண்ணீர் குடிக்காதவர்களை ஆராய்கிற திட்டம் அவர்களிடம் மூத்திரம் கேட்டது. இரண்டு நாட்டு விஞ்ஞானிகளும் கூடி உட்கார்ந்து யோசித்தும் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

ஏப்ரல் 4

சாரிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். அவர் டெல்லியோடு போனில் இருந்தார். முக்கால் மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கூப்பிட்டதும், "பாஸ்போர்ட் இருக்குல்ல?" என்றார். இருக்கிறது என்றேன். விசாவுக்கான கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுபடி போன் வந்துவிட்டது. பேச இடமே கொடுக்கவில்லை. இந்தப் பெரிய மனிதர்களிடம் உண்மையைச் சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை.

இரண்டாம் கட்டம் ஆரம்பித்ததும் எல்லாருக்கும் புதிதாக மாதிரி எடுக்கத்தானே போகிறோம். அப்போது தானாகத் தெரிந்துவிடும்.

ஏப்ரல் 10

கம்பளிச் சட்டை வாங்கினேன். போட்டுப் பார்க்கும்போது கடைக்காரர் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

ஏப்ரல் 13

மின்சாரம் இல்லை. செல்போனில் நார்வே மொழி படித்தேன். நன்றி என்பதற்கு 'தக்' என்றால் போதுமாம். மன்னிப்புக்கு வார்த்தை கொஞ்சம் நீளம். நாக்கில் நிற்கவில்லை.

ஏப்ரல் 19

குளுக்கோஸ் பாக்கெட் மிச்சம் இருந்தது, கொடுத்துவிட்டு வரலாம் என்று கடலோர அளத்துக்குப் போனேன். ஜெபக்கனி அக்கா பாத்தியில் இல்லை. குடிசை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளங்காலில் புண். ஒரு மாதமாக ஆறவில்லையாம். உப்புத் தண்ணீரில் நின்றால் எல்லாருக்கும் கால் வெடிக்கத்தான் செய்யும், அளத்தில் புண் இல்லாத கால் ஏது? அப்படியே டவுனுக்குத் திரும்பிப் போய்க் களிம்பு வாங்கி வந்து கொடுத்தேன். என் கைக்காசு. அதற்கும் தலைப்பு கிடையாது.

அக்காவுக்கு முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. நல்ல தூக்கம் போல.

செம்பை எடுத்துக் குடித்துக்கொண்டே கேட்டாள், "தம்பி, எங்க ரிசல்ட்டு வந்துட்டா?"

வெளிநாட்டு வேலை, தாமதமாகும், இன்னும் வரவில்லை என்றேன்.

"வந்தா எங்கிட்ட மொதல்ல சொல்லு, என்ன. இவளுவ சிரிப்பாளுவ. எனக்குக் கொஞ்ச நாளா ஒடம்பு நல்லால்ல."

சரி என்றேன். மகள் ஷைனிக்கு பிளஸ் டூ பரீட்சை முடிந்துவிட்டது, நர்சிங் சேர்க்கலாமா என்று கேட்டாள். நர்சிங் கல்லூரிகளில் நடக்கும் கொள்ளையைப் பற்றி விரிவாகச் சொன்னேன். குளுக்கோஸ் பாக்கெட்டைக் கையில் கொடுத்தேன். பிறகு ஏனோ திருப்பி வாங்கிக்கொண்டு, முத்துப்பேச்சி அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 6

கையெழுத்தாகிவிட்டது. இரண்டு நாட்டுக் கொடி, நடுவில் பூங்கொத்து. சார் பட்டு வேட்டி கட்டியிருந்தார். மாரித் பெர்கனிலிருந்து திரையில் பேசினார், கடலோர அளத்துப் பெண்களுக்கு நன்றி என்றார். நான் இரண்டாவது வரிசையில் ஓரத்தில் நிற்கிறேன். பத்திரிகைப் படத்தில் பாதி முகம் விழுந்திருக்கிறது. அம்மா வெட்டி எடுத்து வைத்துக்கொண்டாள்.

சந்தோஷமாக இல்லை. அந்தப் பூங்கொத்தின் காசில் என்னென்ன செய்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 14

காலையில் முத்துப்பேச்சி அக்கா போன் பண்ணினாள். ஜெபக்கனி அக்கா பாத்தியிலேயே விழுந்துவிட்டாள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

போனேன். முகமும் காலும் ஊதி ஆளே அடையாளம் தெரியவில்லை. கால் புண் கணுக்கால்வரை ஏறியிருந்தது. சர்க்கரை, வருஷக்கணக்காக இருந்திருக்கிறது, யாரும் பார்த்ததில்லை. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள். இளம் டாக்டர் ஒருவர் என்னைச் சொந்தக்காரன் என்று நினைத்து, இதற்கு முன்னால் எப்போதாவது சிறுநீர் பரிசோதனை செய்ததுண்டா என்று கேட்டார். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால்கூட இவ்வளவு மோசமாக ஆகியிருக்காது என்றார். நான் சொந்தக்காரன் இல்லை என்றேன்.

வராந்தாவில் முத்துப்பேச்சி அக்கா சுவரைப் பார்த்து நின்றாள். அழவில்லை. "மோட்டாரு மாதிரி பேயுதான்னு கிண்டல் பண்ணுவோம் தம்பி. பன்னெண்டு சீசாவயும் அவதான் நெறச்சா. குடிச்சுக் குடிச்சுப் பேஞ்சா. சீக்கு வந்துதான் அப்படிப் பேஞ்சிருக்கா. நாங்க கண்டமா?"

"எனக்கும் தெரியாதுக்கா" என்றேன்.

சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ஒரு காகிதப் பட்டையை அந்தக் குப்பியில் நனைத்தால் போதும். எங்கள் திட்டத்தின் படிவத்தில் சர்க்கரைக்குக் கட்டம் கிடையாது. ஐயாயிரம் மைல் பறந்துபோன மூத்திரத்தில் யாரும் ஒரு பட்டையை நனைக்கவில்லை. எறும்புக்குத் தெரிந்தது.

மே 15

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு குப்பியும் ஒரே பெண்ணின் மாதிரி என்று சொன்னேன். திட்டம், பணம், மானம் என்று குதிப்பார் என்று எதிர்பார்த்து அதற்குப் பதில்களைத் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

அவர் முதலில் கேட்டது, "அந்தப் பொம்பள யாரு? எப்படி இருக்கா?"

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இது ஒரே ஆளோடதுன்னு ஒனக்கு எப்ப தெரியும்?"

சந்தேகம்தான் இருந்தது என்றேன். எப்போதிலிருந்து என்று மறுபடி கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த சிறுநீரக டாக்டருக்கு போன் பண்ணினார். அப்புறம் பெர்கனுக்கும் டெல்லிக்கும் எழுத உட்கார்ந்தார். தட்டச்சு செய்யட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

நல்லவர் என்று காட்டிக்கொள்ள இதெல்லாம் செய்திருக்கலாம். எனக்கு அவரை நன்றாகத் தெரியும்.

மே 21

மாரித் எனக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. அன்று அளத்தில் அவர் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா என்று கேட்கிறார். ஏற்பாடு இருக்கிறது என்று நான் சொன்னதாகவும், இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே மாதிரிகளைத் தள்ளிவைத்து, ஒவ்வொருவரையும் வீட்டில் பரிசோதித்திருப்பார் என்றும் எழுதியிருக்கிறார்.

இப்போது எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். பதில் எழுத உட்கார்ந்தேன். அது நான் சொன்னதில்லை, சார் சொன்னதை மொழிபெயர்த்தேன் என்று ஒரு வரி எழுதினேன். படித்துப் பார்த்தேன். அனுப்பவில்லை.

மே 30

திட்டம் நிறுத்தப்பட்டது. இரண்டு நாட்டிலும் ஒவ்வொரு குழு. களத்தில் நடந்த தவறு, ஆகவே இந்தியப் பங்கு என்கிறது நார்வே. வேலை நேரத்தில்தான் மாதிரி எடுக்க வேண்டும் என்ற விதி அங்கே எழுதியது, ஆகவே நார்வேயின் பங்கு என்கிறது இந்தியா. குளிர்பதனப் பெட்டியைப் பூட்டி அரக்கு வைத்துவிட்டார்கள். உள்ளே இருக்கும் மிச்ச மாதிரிகள் யாருக்குச் சொந்தம் என்று வேறு சண்டை. அந்தப் பெண்ணுக்கு மருந்துச் செலவுக்கு ஏதாவது வழி உண்டா என்று சார் எழுதிக் கேட்டாராம். பங்கேற்பாளர் சிகிச்சை என்ற தலைப்பு இரண்டு பக்கமும் இல்லையாம்.

இரண்டு குழுவின் அறிக்கையையும் படித்தேன். கழிப்பறை என்ற வார்த்தை ஒன்றிலும் இல்லை.

பரிமாற்றமும் போய்விட்டது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கம்பளிச் சட்டையைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். அம்மா மடித்து டிரங்குப் பெட்டியில் அடியில் வைத்துவிட்டாள்.

ஜூன் 2

கடலோர அளத்தில் மோட்டார் ரூமுக்கு எதிர்ப்பக்கம் பெண்கள் தாங்களே நான்கு தட்டி வைத்து மறைத்திருக்கிறார்கள். பழைய ஓலை, கிழிந்த உப்புச் சாக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தபின் கட்டியது. தவசி முறைத்தாராம். முத்துப்பேச்சி அக்கா, "எடுத்துப் பாரு" என்றாளாம்.

சாக்கு ஒன்று காற்றில் அவிழ்ந்திருந்தது. நான் போய்க் கட்டினேன். இதைப் பிப்ரவரியில் செய்வதற்கு இரண்டு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 8

ஜெபக்கனி அக்காவின் புருஷன் ஆஸ்பத்திரி அலைச்சலில் காவல் வேலையை விட்டுவிட்டதால் குடிசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஜெபக்கனி அக்கா இப்போது டவுனில் தங்கை வீட்டில் இருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். காலில் மூன்று விரல் எடுத்துவிட்டார்கள்.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். எனக்கு அங்கே என்ன வேலை? ஆனாலும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். அது ஆகாதாம். பொட்டாசியம் ஏறுமாம். ஷைனி சொன்னாள். அவள் நர்சிங் சேரவில்லை, ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். நர்சிங் படிக்காமலே எல்லாம் தெரிந்துவிட்டது அவளுக்கு.

அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வராமல் இருந்திருக்கலாம். மாரியக்கா சௌக்கியமா என்று கேட்டாள். சௌக்கியம் என்றேன். நான் எப்போது கப்பல் ஏறப்போகிறேன் என்று கேட்டாள். விமானம் என்று திருத்தினேன். போகவில்லை என்றேன். அய்யோ பாவமே என்றாள்.

பேச ஒன்றும் இல்லாததால் நான் இரண்டு குழுக்களைப் பற்றி, அறிக்கைகளைப் பற்றி, பணக்கார நாடும் ஏழை நாடும் கூட்டுச் சேர்ந்தால் ஏழை நாட்டின் ஏழைதான் மாட்டுவான் என்பதைப் பற்றி எல்லாம் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வழக்குப் போடலாம், நான் எழுதித் தருகிறேன் என்றேன். இரண்டு நாட்டு அரசாங்கமும் பதில் சொல்ல வேண்டும் என்றேன்.

ஷைனி சின்ன டம்ளரில் பாதிவரை தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று அளவாம். அக்கா அதை உடனே குடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டாள்.

"தம்பி, அரசாங்கம் எல்லாம் நமக்கு எதுக்கு? ஒங்கிட்ட ஒன்னு கேக்கேன்."

"கேளுங்கக்கா."

"எங்காலுக்கு மருந்து வாங்கியாந்து தந்தியே, அன்னைக்கு ரிசல்ட்டு வந்துட்டான்னு கேட்டேன். வரலன்ன. குளுக்கோசத் தந்துட்டு மறுபடியும் வாங்கிக்கிட்ட. ஆசுபத்திரில படுத்துக் கெடக்கும்போது அதத்தான் நெனச்சுக்கிட்டே கெடந்தேன். அன்னைக்கு வந்துருந்துச்சா, வரலியா? அத மட்டும் சொல்லு."

தெருவில் யாரோ மீன் கூவிக்கொண்டு போனார்கள். ஷைனி என்னைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். செருப்பை மாட்டும்போது வலது காலுக்கு இடது செருப்பு வந்தது.

கட்டிலிலிருந்தே மறுபடி கேட்டாள்.

"சொல்லிட்டுப் போ தம்பி."